ஒரு நிரல், மூன்று கருவிகள்: ஆத்தங்குடி கல் பட்டறைக்கு ஆப் எழுத உதவும் ஓப்பன் சோர்ஸ் லைப்ரரிகள்

ஆத்தங்குடியில் தரைக் கல் (டைல்ஸ்) வார்க்கும் ஒரு பட்டறை என்று வைத்துக்கொள்வோம். கல்லாவில் விண்டோஸ் கணினி, முதலாளி கையில் ஆண்ட்ராய்டு போன். ஆப் எழுதித் தர வந்திருக்கும் காரைக்குடிக் கல்லூரி மாணவரின் மடிக்கணினியில் உபுண்டு. கேட்கும் வேலை பெரிதாகத் தெரியாது. அறையின் நீள அகலம் சொன்னால் எத்தனை கல் வேண்டும், என்ன விலை ஆகும் என்று வர வேண்டும். தமிழில் பில் அடிக்க வேண்டும். பெயரைத் தேடினால் பழைய கணக்கு கிடைக்க வேண்டும். கரண்ட் போனாலும் கணக்கு போகக் கூடாது.

இந்த வேலையை மூன்று கருவிக்கும் மூன்று தடவை எழுத வேண்டியதில்லை. ஆனால் எந்த லைப்ரரியை (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்பை) எடுப்பது, எங்கே இடறும் என்று தெரியாமல் இறங்கினால், கல்லூரியில் ஓடிய ஆப் பட்டறையில் ஓடாது. புதிதாகத் தொடங்குபவர்கள் இந்த ஒரு வேலையைக் கையில் வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவதற்காக இதை எழுதுகிறோம்.

முதல் படி: கருவிகளைப் போய்ப் பாருங்கள்

லைப்ரரி தேடும் முன் பட்டறைக்குப் போய் ஐந்து விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். கல்லாக் கணினியில் எந்த விண்டோஸ்? எவ்வளவு ராம்? பில் பிரின்டர் 58 மில்லிமீட்டர் தாளா, 80 மில்லிமீட்டர் தாளா? பிரின்டர் யூஎஸ்பியில் இணைகிறதா, சீரியல் போர்ட்டிலா? போனின் ஆண்ட்ராய்டு பதிப்பு என்ன?

விண்டோஸ் 7 இருந்தால் அங்கேயே பாதை மாறிவிடும். திரை அமைக்க உதவும் க்யூட் லைப்ரரியின் 6-ஆம் பதிப்பு விண்டோஸ் 7-இல் ஓடாது, க்யூட் 5.15-தான் அதற்குக் கடைசி. அதேபோன்ற ஃப்ளட்டரும் இப்போது விண்டோஸ் 10-இலிருந்துதான். ஆறு வாரம் எழுதிய பிறகு இது தெரியவருவதைவிட முதல் நாளே தெரிந்துகொள்வது நல்லது.

இரண்டாம் படி: லைசென்ஸைப் படியுங்கள்

பலர் இதைக் கடைசிக்குத் தள்ளுகிறார்கள். தள்ளாதீர்கள். ஓப்பன் சோர்ஸ் (நிரலின் மூலம் எல்லோரும் பார்க்கும்படி திறந்திருப்பது) என்றால் எப்படி வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று பொருளில்லை.

எம்ஐடி, பிஎஸ்டி, ஜிலிப், அப்பாச்சி 2.0 ஆகிய லைசென்ஸ்கள் மிகவும் தாராளமானவை. எழுதியவரின் காப்புரிமைக் குறிப்பையும் லைசென்ஸ் வாசகத்தையும் அழிக்காமல் வைத்திருந்தால் பெரும்பாலும் போதும். அப்பாச்சியில் காப்புரிமை தவிர பேட்டன்ட் பற்றிய உறுதியும் உண்டு. எல்ஜிபிஎல் லைப்ரரியை, ஆப் ஓடும்போது சேர்த்துக்கொள்ளும் தனி டிஎல்எல் கோப்பாக இணைத்து, பயன்படுத்துபவர் விரும்பினால் அந்தக் கோப்பை மாற்றிக்கொள்ள வழி விட்டால், உங்கள் நிரலின் மூலத்தைத் தர வேண்டியதில்லை. ஜிபிஎல் அப்படியல்ல. அதை இணைத்த ஆப்பை ஒருவருக்குக் கொடுத்தால், அவருக்கு முழு மூலமும் கிடைக்கும்படி செய்ய வேண்டும். ஜிபிஎல் என்றால் காசுக்கு விற்கக் கூடாது என்று ஒரு எண்ணம் பரவலாக இருக்கிறது. விற்கலாம், மூலத்தை மறைக்கத்தான் கூடாது.

புதியவர்கள் அடிக்கடி மாட்டிக்கொள்ளும் இரண்டு இடங்களைச் சொல்கிறோம். க்யூட்டின் பெரும்பகுதி எல்ஜிபிஎல். ஆனால் க்யூட் சார்ட்ஸ் போன்ற சில பகுதிகளுக்குக் கட்டணமில்லாத வழி ஜிபிஎல் மட்டும்தான். மாத விற்பனைக்கு ஒரு வரைபடம் போடலாமே என்று அதை இழுத்துப்போட்டால் ஆப் முழுவதும் ஜிபிஎல் கணக்கில் வந்துவிடும். இரண்டாவது, பைத்தானில் க்யூட்டைப் பயன்படுத்தும் வழி. பைக்யூட் என்பது ஜிபிஎல் அல்லது கட்டண லைசென்ஸ். பைசைடு எல்ஜிபிஎல். இரண்டின் எழுத்துமுறையும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்பதால், எதை எடுத்தோம் என்று கவனிக்காமலே பலர் எழுதிவிடுகிறார்கள்.

நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் லைசென்ஸ் கோப்பே இல்லாமல் கிடக்கும் நிரலைத் தொடாதீர்கள். லைசென்ஸ் இல்லை என்றால் அனுமதியும் இல்லை.

மூன்றாம் படி: திரைக்கு எதை எடுப்பது

இதில் எங்கள் முடிவை நேராகவே சொல்லிவிடுகிறோம். கல்லாக் கணினியும் பிரின்டரும்தான் முக்கியம், போன் பார்வையிட மட்டும் என்றால் க்யூட். போன்தான் முக்கியம், கணினி துணைக்கு என்றால் ஃப்ளட்டர். எங்கள் பட்டறையில் பில் அடிப்பது கல்லாவில், அதனால் இங்கே க்யூட்.

க்யூட் 1995-இல் வெளிவந்து முப்பது ஆண்டு அடிபட்டுத் தேறிய லைப்ரரி. சி++ தெரிய வேண்டும், அல்லது பைசைடு வழியாகப் பைத்தான். திரை, கோப்பு, டேட்டாபேஸ், பிரின்ட், நெட்வொர்க் எல்லாம் ஒரே குடைக்குள் இருப்பதால் பத்து லைப்ரரியைச் சேர்த்துக் கட்டும் தலைவலி குறையும். ஃப்ளட்டர் கூகுளுடையது, முதல் நிலையான பதிப்பு 2018 டிசம்பரில் வந்தது. மொழி டார்ட், லைசென்ஸ் பிஎஸ்டி. பொத்தானைக்கூட அதுவே வரைந்துகொள்வதால் எல்லாக் கருவியிலும் ஒரே தோற்றம் வரும்.

டபிள்யூஎக்ஸ்விட்ஜெட்ஸ் 1992-இலிருந்து இருக்கிறது. அந்தந்த இயங்குதளத்தின் சொந்தப் பொத்தான்களையே காட்டும், லைசென்ஸும் தாராளம், ஆனால் கணினிக்குத்தான் சரி. வெப் தெரிந்தவர்களுக்கு எலக்ட்ரானும் டாரியும் உண்டு. எலக்ட்ரான் தன்னோடு குரோமியம் என்ற உலாவியையே தூக்கிக்கொண்டு வருவதால் சின்ன ஆப்பும் நூறு எம்பியைத் தாண்டும். 4 ஜிபி ராம் உள்ள கல்லாக் கணினிக்கு அது பாரம். டாரி கணினியில் ஏற்கெனவே இருக்கும் வெப் காட்டியைப் பயன்படுத்துவதால் மிகச் சிறியது, ஆனால் விண்டோஸில் ஒரு காட்டி, லினக்ஸில் வேறொன்று என்பதால் இரண்டிலும் தனித்தனியாகச் சோதிக்க வேண்டும். விளையாட்டோ படம் வரையும் கருவியோ எழுதுபவர்களுக்கு எஸ்டிஎல். 2025 ஜனவரியில் அதன் மூன்றாம் தலைமுறை நிலைபெற்றது, ஜிலிப் லைசென்ஸ்.

நான்காம் படி: கருவிப்பெட்டியை அமைத்தல்

எழுதிய நிரலை ஓடும் ஆப்பாகக் கட்டுவதற்கு சிமேக், லைப்ரரிகளை இறக்க விசிபேக்கேஜ் அல்லது கோனன். க்யூட்டை மட்டும் அதன் சொந்த இன்ஸ்டாலரில் இறக்குங்கள். விசிபேக்கேஜ் வழியாகப் போனால் க்யூட் முழுவதையும் உங்கள் கணினியிலேயே கம்பைல் செய்யும். சாதாரண மடிக்கணினியில் பல மணி நேரம் ஓடும்.

விண்டோஸில் முதலில் வரும் சிக்கல் கம்பைலர் (நிரலைக் கணினி மொழிக்கு மாற்றும் கருவி) கலப்பு. மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் கட்டிய சி++ லைப்ரரியை மின்ஜிடபிள்யூவில் கட்டிய ஆப்போடு இணைக்க முடியாது. பெயர்களை இரண்டும் வேறு விதமாகக் குறிப்பதால், துண்டுகளை இணைக்கும் லிங்கர் பக்கம் பக்கமாகப் பிழை காட்டும். அந்தப் பிழையைப் பார்த்து நிரலைத் திருத்திக்கொண்டிருக்காதீர்கள், இரண்டும் ஒரே கம்பைலரா என்று பாருங்கள். பிழை தேடுவதற்கான டீபக் கட்டுமானமும் வெளியிடுவதற்கான ரிலீஸ் கட்டுமானமும் கலந்தாலும் விண்டோஸில் இதே கதிதான்.

இரண்டாவது சிக்கல் கோப்புறைப் பெயர். விண்டோஸ் பயனர் பெயரைத் தமிழிலோ இடைவெளி விட்டோ வைத்திருந்தால், சில கட்டுமானக் கருவிகள் காரணம் சொல்லாமல் நின்றுவிடும். சி டிரைவின் மேல்மட்டத்தில் சிறிய ஆங்கிலப் பெயரில் ஒரு கோப்புறை போட்டு அதற்குள் வேலை செய்யுங்கள். விண்டோஸில் பெரிய எழுத்து சிறிய எழுத்து வேறுபாடு கோப்புப் பெயரில் பார்க்கப்படுவதில்லை, லினக்ஸில் பார்க்கப்படும். விண்டோஸில் கட்டிய நிரல் உபுண்டுவில் கோப்பு இல்லை என்றால் முதலில் இதைச் சந்தேகப்படுங்கள்.

இறக்கிய லைப்ரரிகளின் பதிப்பு எண்ணைப் பூட்டி வையுங்கள். விசிபேக்கேஜில் பேஸ்லைன் என்று ஒரு குறிப்பு உண்டு; அதை மேனிஃபெஸ்ட் கோப்பில் எழுதி, மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் கருவியில் சேர்த்துவிட்டால் ஆறு மாதம் கழித்தும் அதே பதிப்பு கிடைக்கும்.

ஐந்தாம் படி: கணக்கு, திரையைத் தொடாத தனி அறையில்

கல் கணக்கு எந்தத் திரை லைப்ரரியையும் அழைக்கக் கூடாது. வெறும் சி++ கோப்பாகத் தனியே இருக்கட்டும். நாளை ஃப்ளட்டருக்கு மாறினாலும், வேறு மொழி நிரலை அழைக்க உதவும் அதன் எஃப்எஃப்ஐ வசதி வழியாக, சி பாணியில் ஒரு மெல்லிய இடைமுகம் போட்டு, அந்தக் கணக்கை அப்படியே அழைக்கலாம்.

கணக்கை முழு எண்ணில் போடுங்கள். வளவு 20 அடிக்கு 15 அடி, கல் 10 அங்குலம். அங்குலத்தில் 240க்கு 180, ஆக 43,200 சதுர அங்குலம். ஒரு கல் 100 சதுர அங்குலம். 432 கல். சேதாரம் 5 சதவீதம் சேர்த்தால் 453.6, மேல்நோக்கி முழுமையாக்கினால் 454. இதைத் தசம எண்ணில் போட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒரு சின்னச் சோதனை: பைத்தானில் 100-ஐ 1.1-ஆல் பெருக்கிப் பாருங்கள். 110.00000000000001 என்று வரும். 100 கல்லுக்கு 10 சதவீதச் சேதாரம் 110 கல்தான், ஆனால் மேல்நோக்கி முழுமையாக்கும் நிரல் 111 என்று பில் போடும். 432-ஐ 105-ஆல் பெருக்கி, கிடைக்கும் 45,360-ஐ நூறால் வகுத்து மேல்நோக்கி எடுத்தால் இந்தப் பிழைக்கு இடமே இல்லை. பணத்தையும் பைசாவில், 64 பிட் முழு எண்ணாக வையுங்கள்.

பரப்பளவுக் கணக்கு மட்டும் போதாது என்பதும் இங்கே தெரிந்துகொள்ள வேண்டியது. அதே வளவுக்கு 8 அங்குலக் கல் என்றால் பரப்பளவுக் கணக்கு 675 சொல்லும். ஆனால் 180 அங்குலத்தில் 22 கல் முழுதாகவும் ஒன்று பாதியாகவும் வரும். வெற்று நிறக் கல்லை வெட்டினால் மறுபாதி அடுத்த இடத்துக்கு ஆகும். பூ போட்ட கல்லில் மறுபாதி டிசைனோடு பொருந்தாமல் வீணாகலாம், அப்போது 30 வரிசைக்கு 23 வீதம் 690 வேண்டும். வெற்றுக் கல், பூக் கல், பார்டர் கல் மூன்றுக்கும் தனி விதி எழுதுங்கள். கையால் வார்க்கும் கல் என்பதால் ஒரு தடவை வார்த்ததற்கும் அடுத்த தடவைக்கும் நிறம் லேசாக மாறும்; வார்ப்பு எண்ணுக்கும் ஒரு பத்தி வையுங்கள்.

இந்தக் கோப்புக்குக் கேட்ச்2 அல்லது கூகுள்டெஸ்ட் வைத்துச் சோதனை எழுதுங்கள். மேலே உள்ள 432, 454, 110, 690 நான்கும் உங்கள் முதல் நான்கு சோதனைகள்.

ஆறாம் படி: எஸ்கியூலைட்

டேட்டாபேஸுக்கு எஸ்கியூலைட்டைத் தவிர வேறு எதையும் இந்த அளவு வேலைக்கு யோசிக்க வேண்டாம். 2000-ஆம் ஆண்டு ரிச்சர்ட் ஹிப் தொடங்கியது. லைசென்ஸ்கூட இல்லை, பொதுச்சொத்து. எல்லா கணக்கும் ஒரே கோப்பில் இருக்கும், சர்வர் வேண்டாம்.

ஃபாரின் கீ சரிபார்ப்பு (ஒரு பில் சுட்டும் வாடிக்கையாளர் உண்மையில் பட்டியலில் இருக்கிறாரா என்று பார்ப்பது) அதில் இயல்பாக அணைந்தே இருக்கும். ஒவ்வொரு தடவை இணைப்பைத் திறந்ததும் அதற்கான பிராக்மா கட்டளையைக் கொடுத்து இயக்க வேண்டும். ஒரு தடவை இயக்கினால் போதும் என்று விட்டுவிட்டால், வாடிக்கையாளரை அழித்த பிறகும் அவர் பில்கள் அநாதையாகக் கிடக்கும்.

கரண்ட் வெட்டுக்கு: எழுதும் ஒவ்வொரு பில்லையும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் வையுங்கள். பில் தலைப்பு எழுதி, அதன் வரிகள் எழுதும் முன் கரண்ட் போனால், மறுபடி திறக்கும்போது அந்தப் பாதி பில் தானாகவே நீங்கிவிடும். வால் (ரைட்-அஹெட் லாக், மாற்றங்களை முதலில் பக்கத்தில் ஒரு தனிக் கோப்பில் எழுதுவது) முறையை இயக்கினால் வேகம் கூடும். அதோடு, எழுதியது வட்டில் பதிந்ததா என்று எவ்வளவு உறுதிசெய்வது என்பதைச் சொல்லும் சின்க்ரனஸ் அளவை நார்மலாகக் குறைத்தால் கோப்பு கெடாது, ஆனால் கரண்ட் போவதற்குச் சற்று முன் எழுதிய பில் காணாமல் போகலாம். கல்லாவில் அது ஏற்கத்தக்கதல்ல. ஃபுல் அளவிலேயே விடுங்கள்.

காப்பு எடுக்கும்போது ஆப் திறந்திருக்க, டேட்டாபேஸ் கோப்பை மட்டும் பென் டிரைவுக்குக் காப்பி செய்யாதீர்கள். வால் முறையில் புதிய பில்கள் பக்கத்தில் உள்ள வால் கோப்பில் இருக்கும், அது விட்டுப்போகும். வேக்யூம் இன்டூ என்ற கட்டளை ஒழுங்கான ஒரு நகலைத் தனிக் கோப்பாக எழுதித் தரும், அதை எடுத்துப் போங்கள்.

முதலாளியின் போனிலிருந்தும் கணக்கைப் பார்க்க வேண்டும் என்பதற்காக டேட்டாபேஸ் கோப்பை நெட்வொர்க் ஷேரில் வைப்பது பெரிய தவறு. நெட்வொர்க்கில் கோப்புப் பூட்டு நம்பகமாக வேலை செய்வதில்லை, வால் முறை அங்கே வேலையே செய்யாது. கல்லாக் கணினியிலேயே சிறிய சேவை ஒன்றை ஓட விடுங்கள். சிபிபி ஹெச்டிடிபிலிப் என்ற எம்ஐடி லைப்ரரி ஒரே ஹெட்டர் கோப்பு. போன் வைஃபை வழியாக அதனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளும். விண்டோஸ் ஃபயர்வால் முதல் தடவை கேட்கும்போது பிரைவேட் நெட்வொர்க்குக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். வெளியே உள்ள சர்வருடன் பேச வேண்டுமானால் லிப்கர்ல். அதில் மொத்த நேர வரம்பு இயல்பாகக் கிடையாது, நீங்கள்தான் விநாடி கணக்கில் போட வேண்டும். போடாவிட்டால் நெட் மந்தமான நாளில் திரை உறைந்து நிற்கும்.

ஏழாம் படி: தமிழ் எழுத்து

இங்கேதான் அதிக நேரம் செலவிட வேண்டும். வெளிநாட்டு வழிகாட்டிகள் இந்தப் பக்கமே வருவதில்லை, அதனால் தமிழ் ஆப்புகளில் பெரும்பாலான பிழைகள் இங்கே பிறக்கின்றன.

காரைக்குடி என்ற சொல்லை எண்ணிப் பாருங்கள். நமக்கு ஐந்து எழுத்து. யூனிகோடில் பத்து குறியீடு, ஏனென்றால் கா என்பது க-வும் துணைக்காலும், க் என்பது க-வும் புள்ளியும். யூடிஎஃப்-8-இல் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட், ஆக 30 பைட். பெயருக்கு 20 பைட் இடம் ஒதுக்கி வெட்டினால் சொல் நடுவில் உடைந்து கட்டம் கட்டமாகத் தெரியும். பெயரை எட்டு எழுத்துக்குச் சுருக்க வேண்டுமானால் எழுத்துக் கொத்தாக எண்ண வேண்டும். க்யூட்டில் டெக்ஸ்ட் பவுண்டரி ஃபைண்டர், டார்ட்டில் கேரக்டர்ஸ் பேக்கேஜ், ஜாவாஸ்கிரிப்ட்டில் இன்டல் செக்மென்டர் இதற்கென்றே இருக்கின்றன. பைத்தானில் எழுதுபவர்களுக்கு ஓப்பன்-தமிழ் என்ற எம்ஐடி லைப்ரரி தமிழ் எழுத்துக்களாகவே பிரித்துத் தரும். பழைய கணக்கு டிஎஸ்சிஐஐ, பாமினி போன்ற பழைய எழுத்துரு முறையில் இருந்தால் யூனிகோடுக்கு மாற்றவும் அதுவே உதவும்.

அடுத்து, ஒன்றுபோலத் தோன்றும் இரண்டு. கோட்டையூர் என்பதில் உள்ள கோ-வை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வோடு ஓகாரக் குறி ஒன்றே ஒன்று; அல்லது க-வோடு இரட்டைக் கொம்பும் துணைக்காலும் தனித்தனியாக. முதலாவதில் முழுச் சொல்லும் பத்து குறியீடு, 30 பைட். இரண்டாவது பதினொன்று, 33 பைட். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. தேடினால் மட்டும் ஒன்று கிடைக்கும், மற்றது கிடைக்காது. ஒரே பெயர் இரண்டு தடவை வரக் கூடாது என்று டேட்டாபேஸில் யுனீக் போட்டிருந்தாலும் இரண்டும் உள்ளே வந்துவிடும். மருந்து எளிது: உள்ளே வரும் ஒவ்வொரு தமிழ்ச் சொல்லையும், தேடும் சொல்லையும், என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு மாற்றிவிட்டுத்தான் சேமிக்க வேண்டும். க்யூட்டின் சரத்திலேயே அதற்கு நார்மலைஸ்டு என்ற செயற்கூறு இருக்கிறது. க்யூட் இல்லாத இடத்தில் யூடிஎஃப்8பிராக் போதும், மிகச் சிறிய லைப்ரரி. ஔகாரக் குறியின் வலப்பக்கத்துக்குப் பதிலாக ளகரத்தைத் தட்டுபவர்களும் உண்டு, அதை என்எஃப்சி திருத்தாது.

வரிசைப்படுத்தலைப் பாருங்கள். எஸ்கியூலைட் இயல்பாகப் பைட் வரிசையில் அடுக்கும். நான்கு ஊர்களைக் கொடுத்தால் இப்படி வரும்: பனையப்பட்டி, பரமக்குடி, பலவான்குடி, பள்ளத்தூர். யூனிகோடில் னகரம் ந என்ற எழுத்தை அடுத்து இருப்பதுதான் காரணம். நம் அகராதி வரிசையில் னகரம் கடைசி மெய், எனவே பரமக்குடி, பலவான்குடி, பள்ளத்தூர், பனையப்பட்டி என்று வர வேண்டும். ஐசியூ லைப்ரரியின் தமிழ் வரிசை விதி இதைச் சரியாகச் செய்யும். 1999-இல் ஐபிஎம் திறந்துவிட்ட இந்த லைப்ரரி 2016 முதல் யூனிகோட் கூட்டமைப்பின் கீழ் இருக்கிறது. தரவோடு சேர்த்தால் 30 எம்பி அளவு வரும் என்பதால், தமிழும் ஆங்கிலமும் மட்டும் வைத்துத் தரவைக் குறைத்துக் கட்டிக்கொள்ளலாம். க்யூட்டில் உள்ள கொலேட்டர் விண்டோஸில் விண்டோஸின் விதியையும் லினக்ஸில் பெரும்பாலும் ஐசியூவையும் கேட்கும். இரண்டு கருவியிலும் ஒரே வரிசை கட்டாயம் வேண்டுமானால் ஐசியூவை நேராக அழையுங்கள். அந்த வரிசையை எஸ்கியூலைட்டுக்குள் பதிந்து, தேடலை விரைவாக்கும் இண்டெக்ஸ் போட்டால் ஒரு கவனம் தேவை: ஐசியூ பதிப்பு மாறி வரிசை விதி மாறினால் பழைய இண்டெக்ஸ் தவறாகிவிடும். பதிப்பை உயர்த்தியதும் ரீஇண்டெக்ஸ் கட்டளை கொடுங்கள்.

தேடலில் உள்ள குழி இன்னும் ஆழம். எஸ்கியூலைட்டின் முழுச்சொல் தேடலான எஃப்டிஎஸ்5, இயல்பாக எழுத்தையும் எண்ணையும்தான் சொல்லின் பகுதியாக எடுத்துக்கொள்ளும். தமிழின் துணைக்கால், கொம்பு, புள்ளி எல்லாம் யூனிகோடில் குறி என்ற வேறு வகை. ஆகவே அவை ஒவ்வொன்றையும் இடைவெளிபோல நினைத்துச் சொல்லைத் துண்டாக்கிவிடும். ஆத்தங்குடி என்பது ஆத, தங, க, ட என்று நான்கு துண்டாகும். கோடு, கூடை, காடு, கோடி நான்குமே க, ட என்று ஒன்றாகிவிடும். கோடு போட்ட கல்லைத் தேடினால் கூடையும் வந்து நிற்கும். அதில் சொல்லாகப் பிரிக்கும் பகுதியான யூனிகோட்61 டோக்கனைசரில் கேட்டகரீஸ் என்ற விருப்பம் இருக்கிறது. இயல்பாக உள்ள எழுத்து, எண் வகைகளோடு குறி வகை முழுவதையும், அதாவது எம் என்ற எழுத்துக்குப் பின் நட்சத்திரம், சேர்த்து அட்டவணையை உருவாக்கினால் தமிழ்ச் சொல் முழுதாக நிற்கும். அட்டவணையை உருவாக்கும்போதே இதைக் கொடுக்க வேண்டும், பிறகு மாற்ற முடியாது.

திரையில் எழுத்தைச் சரியாக வரைவது ஹார்ஃப்பஸ் லைப்ரரியின் வேலை. கெ என்று தட்டும்போது நினைவகத்தில் க முதலில், ஒற்றைக் கொம்பு பின்னால். திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை ஹார்ஃப்பஸ் செய்கிறது. புள்ளிகளாக வரைவது ஃப்ரீடைப். க்யூட், ஃப்ளட்டர், ஆண்ட்ராய்டு, ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரேஆபீஸ் எல்லாவற்றுக்குள்ளும் ஹார்ஃப்பஸ் இருக்கிறது. டியர் இம்கூய் போன்ற விளையாட்டுத் துறைக் கருவிகளில் இந்த வசதி இல்லை, அதில் தமிழ் எழுதினால் கொம்பு பின்னால் போய் நிற்கும். எஸ்டிஎல் டிடிஎஃப்பைக் கட்டும்போது ஹார்ஃப்பஸ் இணைந்திருக்கிறதா என்று பாருங்கள்.

எழுத்துருவை ஆப்போடு சேர்த்தே அனுப்புங்கள். விண்டோஸின் நிர்மலா எழுத்துருவை எடுத்து லினக்ஸுக்குக் கொண்டுபோக அனுமதி இல்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், எழுத்துருக்களுக்கான ஓஎஃப்எல் என்ற ஓப்பன் லைசென்ஸில் இருப்பதால் தாராளமாகச் சேர்க்கலாம்.

எட்டாம் படி: தமிழ் பில்

மலிவான தெர்மல் பிரின்டருக்குத் தமிழ் தெரியாது. யூனிகோட் சரத்தை அப்படியே அனுப்பினால் கேள்விக்குறியும் குப்பையும்தான் அடிக்கும். பில்லைப் படமாக வரைந்து அனுப்புவதே நம்பகமான வழி.

இந்த பிரின்டர்கள் மில்லிமீட்டருக்கு 8 புள்ளி அடிப்பவை. 80 மில்லிமீட்டர் தாளில் அச்சாகும் அகலம் 72 மில்லிமீட்டர், அதாவது 576 புள்ளி. 58 மில்லிமீட்டர் தாளில் 48 மில்லிமீட்டர், 384 புள்ளி. க்யூட்டில் 576 அகலத்தில் கறுப்பு வெள்ளைப் படம் ஒன்றை உருவாக்கி, பெயின்டரால் தமிழில் எழுதி, எட்டுப் புள்ளிக்கு ஒரு பைட்டாக மாற்றி, பில் பிரின்டர்களின் கட்டளை மொழியான ஈஎஸ்சி/பிஓஎஸ்ஸில் படம் அடிப்பதற்கான ராஸ்டர் கட்டளையோடு அனுப்புங்கள். எழுத்தின் வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் சாம்பல் நிறப் புள்ளிகள் கறுப்பாகவோ வெள்ளையாகவோ மாறி, புள்ளியும் சுழியும் அடைபட்டுப்போகும். 24 புள்ளிக்குக் குறைந்த எழுத்து வேண்டாம்.

பத்து சென்டிமீட்டர் நீள பில்லுக்கு 800 வரி, வரிக்கு 72 பைட், மொத்தம் 57,600 பைட். யூஎஸ்பியில் இது ஒன்றுமில்லை. 9600 வேகத்தில் வைத்த சீரியல் போர்ட்டில் விநாடிக்கு 960 பைட்தான் போகும், ஒரு பில்லுக்கு முழுதாக ஒரு நிமிடம். வாடிக்கையாளர் காத்து நிற்பார். வேகத்தை 115200 ஆக்கினால் ஐந்து விநாடி. நீளமான படத்தை ஒரே மூச்சில் அனுப்பாமல் நூறு வரி, இருநூறு வரியாக வெட்டி அனுப்புங்கள். சில பிரின்டர்களின் நினைவகம் சிறியது, நிரம்பினால் பாதிக்குப் பின் குப்பை அடிக்கும்.

ஒன்பதாம் படி: வேறு கணினியில் ஓடுகிறதா

உங்கள் கணினியில் ஓடுவது கணக்கில்லை. விண்டோஸுக்கு, க்யூட்டோடு வரும் விண்டிப்ளாய்க்யூட் கருவியை ஓட்டுங்கள். தேவையான க்யூட் டிஎல்எல்களை ஆப் கோப்புறைக்குள் கொண்டுவந்து வைக்கும்; மற்ற லைப்ரரிகளின் டிஎல்எல்களை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். பிளாட்ஃபார்ம் பிளகின் கிடைக்கவில்லை என்று ஆப் திறக்காமல் நின்றால், பிளாட்ஃபார்ம்ஸ் என்ற உள்கோப்புறை விட்டுப்போயிருக்கிறது. விசிரன்டைம்140 இல்லை என்று வந்தால் மைக்ரோசாஃப்டின் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் தொகுப்பை இன்ஸ்டால் செய்ய வேண்டும். நிரல் எழுதும் கருவி எதுவுமே இல்லாத கணினி ஒன்றில் சோதியுங்கள். டிஜிட்டல் கையெழுத்திடாத ஆப்புக்கு விண்டோஸ் எச்சரிக்கை காட்டும், முதலாளிக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

லினக்ஸில் புதிய உபுண்டுவில் கட்டியது பழையதில் ஓடாது, லினக்ஸின் அடிப்படை சி லைப்ரரியான ஜிலிப்சியின் பதிப்பு இல்லை என்று சொல்லும். நீங்கள் ஆதரிக்க நினைக்கும் மிகப் பழைய பதிப்பில் கட்டுங்கள். ஆண்ட்ராய்டில் சி++ லைப்ரரி சேர்த்தால் அது நினைவகத்தின் 16 கேபி பக்க அளவுக்கு ஏற்பக் கட்டப்பட்டதா என்று பாருங்கள். ஆண்ட்ராய்டு 15-ஐ இலக்காகக் கொண்ட ஆப்புகளுக்கு பிளே ஸ்டோர் 2025 நவம்பரிலிருந்து இதைக் கேட்கிறது.

கிட்ஹப் ஆக்‌ஷன்ஸில் விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் தானாகக் கட்டிச் சோதிக்கலாம். பொதுவில் திறந்துவைத்த நிரலுக்குக் காசு இல்லை.

பத்தாம் படி: லைப்ரரியின் உடல்நலம்

2016 மார்ச்சில் லெஃப்ட்-பேட் என்ற பத்துப் பன்னிரண்டு வரி ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியை எழுதியவர் நீக்கியதும், அதை நம்பியிருந்த ஏராளமான ஆப்புகளின் கட்டுமானம் நின்றுபோனது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் சுருக்க லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ ரகசிய வாசல் வைத்திருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. தனி ஆளாகக் களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரிடம் நம்பிக்கை பெற்று உள்ளே வந்தவரின் வேலை அது. ஆகவே பத்து வரியில் நீங்களே எழுதக்கூடியதற்கு லைப்ரரி இறக்காதீர்கள். இறக்குவதற்கு முன் கடைசி வெளியீடு எப்போது, எத்தனை பேர் கவனிக்கிறார்கள், பிழை சொன்னால் பதில் வருகிறதா என்று பாருங்கள். மூன்று இயங்குதளத்திலும் சோதிக்கிறார்களா என்பதையும் பாருங்கள்.

தமிழ் சரியாக வராத லைப்ரரியைக் கண்டால் விட்டுவிட்டுப் போகாதீர்கள், பிழை அறிக்கை எழுதுங்கள். அதை எழுதியவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது என்பதை மனதில் வைத்து எழுத வேண்டும். தவறாக வரும் ஒரே ஒரு சொல், அதன் யூனிகோட் குறியீடுகள் வரிசையாக, எழுத்துருவின் பெயரும் பதிப்பும், லைப்ரரியின் பதிப்பு, இயங்குதளம், வந்த படமும் வர வேண்டிய படமும் பக்கத்துப் பக்கத்தில், பிழையைக் காட்டும் இருபது வரிக்குள் ஒரு நிரல். கோட்டையூரின் இரண்டு வடிவத்தையும் அதில் சோதனையாகச் சேர்த்துக் கொடுத்தால், அந்தப் பிழை மறுபடி உள்ளே வராமல் அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.